கடைசிப் பந்தியில் வைத்த கிணறுகள்

நடந்தது எண்பத்தாறாம் வருசமா, எண்பத்தேழா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. மழை பொய்த்த வருசம் என்பது மட்டும் தெரியும். அந்தப் பக்கத்தில் அதை வைத்து வருசத்தைப் பிடிக்க முடியாது. கரண்ட் போனது காலையிலா மத்தியானமா என்பதையும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரின்டரில் வந்த காகிதத்தைப் பார்த்துப் பெரியநாயகி முதலில் சிரித்தாள் என்பது உண்மையில் நடந்ததா, கந்தவேல் பிற்பாடு தன்னைத் தண்டித்துக்கொள்ளத் தானாகச் சேர்த்துக்கொண்டதா, அதுவும் உறுதியில்லை. சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளின் பட்டறைகள் முடிந்து வெறுங்காடு தொடங்குகிற இடத்தில் அந்தப் பொறியியல் கல்லூரி இருந்தது. கந்தவேலும் பெரியநாயகியும் அங்கே வேலை பார்த்தார்கள். அவள் சிவில் பிரிவில் நிலவியல் விரிவுரையாளர். அவன் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பொறுப்பு. கல்யாணமாகி ஐந்தாறு வருசம் இருக்கும். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

கம்ப்யூட்டர் என்றால் ஒரே ஒரு மெசின்தான். பம்பாயில் ஒரு கம்பெனி பழசு என்று கழித்துப் போட்டதைக் கல்லூரி கேட்டு வாங்கியது. வடக்கே போர் போடப் போயிருந்த ரிக்கின் பைப் லாரி சும்மாதானே திரும்பி வருகிறது என்று அதில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவு இருந்தது. திறந்தபோது உள்ளே செம்மண்ணும் கிரீஸ் வாசமும் இருந்தன. கந்தவேல் பம்பாயில் சில வருசம் இதே மாதிரி மெசினோடு குப்பை கொட்டியவன். பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்டாகத் துடைத்து, அதில் யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஓட விட்டான்.

யூனிக்ஸின் நடுவில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மெசினை முடுக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். என்னென்ன பொருள் தன்னோடு இருக்கிறது என்று அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்த டிஸ்க், காப்பி எடுக்க இந்த டேப், இந்த பிரின்டர், ஆட்கள் உட்கார்ந்து தட்ட இத்தனை டெர்மினல் என்று. எழுதிக் கொடுத்து, புதிதாக ஒரு கர்னலைக் கட்ட வேண்டும். எழுதாத பொருளைக் கேபிள் போட்டு மாட்டியிருந்தாலும் கர்னலுக்கு அது இல்லாத பொருள்தான். பழைய மெசினில் கர்னலுக்கு இடமும் கொஞ்சம். ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். கந்தவேலுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை.

பெரியநாயகி பேசுகிறவள். அவள் பிஎச்.டி.க்காகச் செய்துகொண்டிருந்தது யாரும் செய்யாத வேலை. சேந்தமங்கலத்திலிருந்து சங்ககிரி வரைக்கும் எங்கே போர் போட்டாலும் அங்கே போய் நின்றாள். எத்தனை அடியில் பாறை மாறியது, எத்தனை அடியில் ஈரம் கண்டது, எத்தனை அடியில் தண்ணீர் பீறியது, அல்லது கடைசி வரைக்கும் புழுதிதானா என்று குறித்துக்கொண்டாள். அவள் அப்பா சேந்தமங்கலத்தில் இருந்த தன் விவசாயக் காட்டில் அடுத்தடுத்துப் போர் போட்டு, எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதியை மட்டும் பார்த்தவர். கடைசியில் காட்டையே விற்றார். இந்த மண்ணுக்கடியில் தண்ணீர் எந்த வெடிப்பில் ஓடுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுவிட வேண்டும் என்பது அவளுக்கு அன்றைக்கு வந்த வைராக்கியம்.

அவள் போக முடியாத இடத்துக்கு ரிக் ஓட்டுகிற டிரில்லர்களே அவளுக்காகக் கணக்கு வைத்தார்கள். பீடிக்கட்டுக் காகிதத்திலும் டீசல் பில்லின் பின்பக்கத்திலும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் சென்னியப்பன்.

"அம்மிணி, தண்ணி எங்கிருக்குதுன்னு நீங்களே கண்டுபுடிச்சு வெச்சுட்டா எங்க பொழப்பு என்னாவறது?" என்பார். "காஞ்ச போரும் சேந்துதான் எங்களுக்குச் சோறு போடுது."

"பயப்படாதீங்கண்ணா. பொம்பள சொல்லி எந்தக் கவுண்டர் போர் போடற எடத்தை மாத்திருக்கறாரு?"

"அதுஞ் சரிதான்" என்று அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு காகிதத்தை இடுப்பிலிருந்து எடுப்பார்.

இப்படிச் சேர்ந்ததை எல்லாம் மெசினில் ஏற்றினாள். ஒவ்வொரு கிணற்றையும் ஏற்றியபிறகு அந்தக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சாக்கில் போட்டு வைத்தாள். சாக்கு நிறைந்து, எலி புகுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தண்ணியடுப்பின் முன்னால் உட்கார்ந்து, பீடிக்காகிதமும் டீசல் பில்லுமாகக் கை நிறைய அள்ளி அடுப்பில் போட்டாள். கந்தவேல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"உங்களுக்குத் தண்ணி காய வைக்கறேனுங்க. அறநூறு அடி ஆழத்துத் தண்ணி. சூடா இருக்கும்."

"வெச்சிருந்திருக்கலாமல்ல?"

"எதுக்குங்க? அதான் உங்ககிட்டக் குடுத்திருக்கறனே" என்றாள். மெசினிடம் என்று சொல்லவில்லை. உங்களிடம் என்றாள்.

பழைய டிஸ்க் நிறைந்துபோனது. பெங்களூரிலிருந்து பெரிய டிஸ்க் ஒன்று, அதுவும் பழசுதான், வந்து சேர்ந்தது. திங்கட்கிழமையிலிருந்து மாணவர்களுக்கு லேப் தொடங்க வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். புது டிஸ்க்குக்கான வரியை எழுதிக் கர்னலைக் கட்டினால் அளவு மீறிப்போனது. ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். பிரின்டரை எடுக்க முடியாது. டெர்மினலை எடுக்க முடியாது. கந்தவேல் டேப்பை எடுத்தான். அதன்பிறகு கர்னல் அடங்கியது. டேப்பைத் தெரிந்த பழைய கர்னலுக்குப் புது டிஸ்க் தெரியாது. புது டிஸ்க்கைத் தெரிந்த கர்னலுக்கு டேப் தெரியாது.

"ஏனுங்க, எல்லாத்தையும் மாத்தறதுக்கு முன்னால என்றதை, அந்தக் கெணத்துக் கணக்கை, டேப்புல ஒரு காப்பி எடுத்துக்கலாமுங்களா?" என்று பெரியநாயகி கேட்டாள்.

"எடுக்கலாம். பழைய கர்னலப் போட்டு மெசின மறுக்கா எழுப்போணும். ஒரு மத்தியானம் போயிரும். லேப் ஆரம்பிக்கட்டும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவள் வற்புறுத்தவில்லை என்பதை அவன் பிற்காலத்தில் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தான்.

இன்னும் ஒன்று இருந்தது. ஒரே சமயத்தில் பல பேர் வேலை செய்தால் மெசினின் நினைவில் இடம் போதாது. அப்போது கர்னல் ஓரிருவருடைய வேலையைத் தூக்கி டிஸ்க்கில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, முறை வரும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த ஓரம் எது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கந்தவேல் முதலில் புது டிஸ்க்கின் கடைசிப் பகுதியை அதற்கு ஒதுக்கி எழுதியிருந்தான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆசிரியர்கள் எல்லாருடைய கோப்புகளும் போகப் பெரியநாயகியின் கிணறுகளுக்கு இடம் பற்றாது போலிருந்தது. அவளுக்குக் குறையக் கூடாது. புது டிஸ்க் முழுவதையும் கோப்புகளுக்கே விட்டுவிட்டு, அந்த ஓரத்தைப் பழைய டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தான். ஒரே ஒரு வரி. அதை மாற்றிவிட்டுக் கர்னலைத் திரும்பக் கட்ட விட்டான். கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

வழக்கமாகப் போவதுதான். கந்தவேலும் ஆப்பரேட்டர் மயில்சாமியும் வெளியே போய் டீ குடித்தார்கள்.

"ஊருக்கே கரண்ட்டு இல்ல, தண்ணி இல்ல. நம்முளுக்குக் கம்ப்யூட்டரு மட்டும் இருக்குதுங்க" என்றான் மயில்சாமி.

திரும்பி வந்தபோது கரண்ட் இருந்தது. டிஸ்க்கில் கர்னல் இருந்தது. கட்டி முடித்துவிட்டது என்று கந்தவேல் நினைத்தான். அது அதற்கு முந்தைய கர்னல். அதன் மனதில் புது டிஸ்க்கின் கடைசிப் பகுதி, வேலைகளைத் தூக்கி வைக்கிற காலி இடமாகவே இன்னும் இருந்தது. கோப்பு எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை.

பிறகு கோப்புகளை மாற்றத் தொடங்கினான். மெக்கானிக்கல்காரர்களுடையது, கணக்குத்துறையினுடையது, ஆபீஸ் சம்பளம், பிரின்சிபாலுடையது என்று ஒவ்வொன்றாக.

"மேடத்தோடது எப்பங்க?" என்றான் மயில்சாமி.

"கடைசியில. ஊட்டு ஆளுக முதல்ல உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அந்தப் பக்கத்து விசேஷங்களில் அதுதான் வழக்கம். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியபிறகே வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கைக்குத் தானாக வந்துவிடும். அவன் கைக்கும் வந்தது. எல்லாருடையதும் முன்னால் போய் உட்கார்ந்தது. பெரியநாயகியின் கிணறுகள் டிஸ்க்கின் கடைசியில் போய் உட்கார்ந்தன. சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்தான். எல்லாம் இருந்தது. அவனும் மயில்சாமியும் மட்டும் வேலை செய்தபோது கர்னலுக்கு யாரையும் தூக்கி வைக்க வேண்டிய தேவை வரவில்லை. பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, மாணவர்களுக்கென்று தயார் செய்தான்.

திங்கட்கிழமை எல்லா டெர்மினலிலும் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். புது டிஸ்க்கின் விளக்கு விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. கந்தவேலுக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. உழைக்கிறது என்று நினைத்தான்.

மத்தியானம் போலப் பெரியநாயகி வந்தாள். ஆய்வேட்டின் பின்னிணைப்புக்குச் சேந்தமங்கலத்துக் கிணறுகளை அச்செடுக்க வேண்டும். பிரின்டர் கடகடவென்று ஓடியது. அவள் காகிதத்தைக் கிழித்துப் படித்துக்கொண்டே வந்தவள், நின்று, சிரித்தாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. எங்கப்பன் காட்டுப் போருக்குள்ள எவனோ ஃபார்ட்ரான் எழுதி வெச்சிருக்கறானுங்க."

கந்தவேல் வாங்கிப் பார்த்தான். நூற்று எண்பது அடியில் கருங்கல். இருநூற்றுப் பத்தில் லேசான ஈரம். அதற்கடுத்த வரியில் எந்த மாணவனோ லேப்புக்கு எழுதிய ஃபார்ட்ரான் நிரல். அப்புறம் அர்த்தமில்லாத எழுத்துகள், பக்கம் முழுக்க.

அவனுக்கு அங்கேயே எல்லாம் விளங்கியது. மாணவர்களின் வேலையைக் கர்னல் காலையிலிருந்து அவள் கிணறுகளின் மேலேயே தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நடந்துபோய், அத்தனை பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மெசினின் சுவிட்சைக் கீழே தள்ளினான். மாணவர்கள் ஓவென்று கத்தினார்கள். டிஸ்க்கின் விளக்கு அணைந்தது. சுற்றிக்கொண்டிருந்த சத்தம் குறைந்து குறைந்து நிற்க வெகு நேரம் பிடித்தது. அது நிற்கும்வரைக்கும் அவன் திரும்பவில்லை.

இரண்டு நாள் தேடினான். டிஸ்க்கின் கடைசிப் பகுதியைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தான். எங்கேயாவது ஒரு ஆழம், ஒரு ஊர்ப் பெயர் தட்டுப்படும். எந்த ஆழம் எந்த ஊருக்கு என்பது போய்விட்டது. ஏதோ ஒரு பழைய டேப்பில் ஆரம்பத்தில் ஏற்றிய கொஞ்சம் கிணறுகள் கிடைத்தன. அவ்வளவுதான்.

வீட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"எல்லாரோடதும் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"பிரின்சிபாலோடது?"

"இருக்குது."

"என்றது மட்டுந்தானுங்களா?"

"ஆமா" என்றான். பிறகு வரியை மாற்றியதையும், கரண்ட் போனதையும், அவளுடையதைக் கடைசியில் வைத்ததையும் சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. அவனுக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை.

அவள் மிச்சச் சோற்றை அவன் தட்டில் போட்டாள்.

"கடைசிப் பந்தியில சோறு தீந்துபோச்சுன்னு வெச்சுக்கறனுங்க" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் பழைய கணக்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பஸ் ஏறி, சென்னியப்பனைத் தேடி அவருடைய ஊருக்குப் போனார்கள். அவர் மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டதாக அவர் சம்சாரம் சொன்னார். இங்கே மண்ணில் ஒன்றும் மிச்சமில்லை என்று ரிக்குகள் எல்லாம் வடக்கே போய்க்கொண்டிருந்த சமயம் அது. வரும் வழியில் ஒரு தோட்டத்தில் இறங்கினார்கள். அவள் பக்கத்தில் நிற்கப் போட்ட போர் அங்கே இருந்தது. தோட்டக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"எத்தன அடியில தண்ணி வந்துதுங்க?" என்று கந்தவேல் கேட்டான்.

"அது யாருக்குங்க நெனப்பிருக்குது? எரநூறோ எரநூத்தம்பதோ. வந்த தண்ணியும் போன வருசத்தோட நின்னுபோச்சு." அவர் பெரியநாயகியைக் காட்டினார். "அம்மிணி பக்கத்துலயே நின்னு எழுதுனாங்களே. அவிங்களக் கேளுங்க."

அவள் இளநீரைக் கீழே வைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

பஸ்ஸில் கந்தவேல், "நான் லீவு போடறேன். ஒவ்வொரு ஊரா நானே போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிந்தது. மலையைப் பார்த்ததும், "வேண்டாமுங்க. புழுதிதான் வரும்" என்றாள்.

அதற்குப்பிறகு அவள் அவனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் தண்ணீர் காய வைத்தாள். "சாப்புடுங்க" என்றாள். தான் நினைப்பதை மட்டும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கந்தவேல் வாழ்நாள் முழுக்க மௌனத்தில் சௌகரியமாக இருந்தவன். அது எவ்வளவு காலமாக அவள் பேச்சின் நிழலில் இருந்த சௌகரியம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் அடுப்பின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். உள்ளே எரிந்தது தென்னமட்டைதான். ஆனால் அவள் எதையோ எடுத்துவிடப் போகிறவள் மாதிரி கையைத் தீக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். "நாயகி" என்று கூப்பிட்டான். "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அடுத்த ஜூன் மாதம் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போனாள். போய் வரத் தூரம் என்று அங்கேயே ஃபேர்லேண்ட்சில் இருந்த அக்கா வீட்டில் தங்கினாள். முதலில் சனிக்கிழமை தோறும் வந்தாள். பிறகு நோம்பி, பண்டிகை என்றால் மட்டும் வந்தாள். பிறகு வரவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கூடி உட்கார்ந்து சமாதானம் செய்யப் பார்த்தார்கள். என்ன சண்டை என்று கேட்டார்கள். சண்டையே இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். இல்லாத சண்டையை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சென்னியப்பன் ஊர் திரும்பவில்லை. ஜபல்பூர் பக்கத்திலேயே ஒரு ரிக் வாங்கித் தங்கிவிட்டார். மயில்சாமி வேலையை விட்டு ராசிபுரத்தில் டைப்பிங் சென்டர் வைத்தான். மெசினை எண்பத்தொன்பதில் கல்லூரி பழைய இரும்புக்குப் போட்டது. ஆசிரியர்களின் கோப்புகள் அனைத்தும் அதற்கு முன்னால் பத்திரமாக வேறு மெசினுக்கு மாற்றப்பட்டன. பெரியநாயகி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. சேலத்திலேயே பாடம் நடத்தினாள், வரைபடம் போடவில்லை. கந்தவேல் அதே கல்லூரியில் அதே வேலையில் இருந்தான். அவர்கள் பிரிந்ததாக எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. சேர்ந்து வாழவும் இல்லை.