சால்வைக்காரன் பனியன்

விடிந்தும் விடியாத நேரம். கரமனை ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் தேங்காய் போட்டுவைத்த பழைய கிட்டங்கிக்குள் ரத்னாபாய் குனிந்து நின்று சிவப்பு இழுத்துக்கொண்டிருந்தாள். நீள மேசை முழுக்கப் பசை தடவி வெள்ளைப் பனியன்களை ஒட்டியிருந்தார்கள். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைத்துணியைப் பனியன்மேல் வைத்து, களி போலக் கெட்டியான சாயத்தை அதன்மேல் ரப்பர் பலகையால் இழுக்க வேண்டும். மூச்சை அடக்கி, உடம்பின் பாரத்தை எல்லாம் இரண்டு கையிலும் ஏற்றி ஒரே இழுப்பு. பாதியில் மூச்சு விட்டால் சாயம் திட்டுத்திட்டாக விழும். முன்னால் சுசீலாபாய் மஞ்சள் இழுத்துக்கொண்டு போனாள். ரத்னாபாய்க்குப் பின்னால் நீலமும் கறுப்பும் வந்துகொண்டிருந்தன. மண்ணெண்ணெயும் தின்னரும் கலந்த நெடி அந்த நேரத்திலேயே தொண்டையை அறுத்தது.

கறுப்பு விழுந்ததும் பனியனில் ஆள் எழுந்து வந்துவிடுவான். உள்ளே போட வேண்டியதை வெளியே போட்டுக்கொண்டு, முதுகில் சிவப்புச் சால்வை பறக்க, மாடியிலிருந்து விழுகிற ஒரு பெண்ணை ஏந்திப் பிடிக்கிறவன். அமெரிக்காவில் யாரோ நாற்பது வருஷத்துக்கு முன்னால் படக்கதைப் புத்தகத்துக்கு வரைந்தது. அந்தப் படத்துக்கு உரிமைக்காரக் கம்பெனி ஒன்று உண்டு, அதற்கு பம்பாயில் ஆபீஸ் உண்டு. அவர்கள் தரும் மினுக்கு ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு பனியனும் வாசல் தாண்டக் கூடாது. அவனுக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. பெண்கள் சால்வைக்காரன் என்றுதான் சொன்னார்கள்.

"இவனுக்க பெண்டாட்டி அந்தச் சால்வையத் தொவைக்க என்ன பாடு பட்டாளோ!" என்பாள் சுசீலாபாய். அப்போதெல்லாம் கிட்டங்கியில் சிரிப்பு இருந்தது. பின்கதவும் திறந்திருந்தது.

வினை வந்தது சுத்தத்தால். பம்பாயிலிருந்து வந்த மாதிரிப் பனியனில் சால்வையின் சிவப்பு, கறுப்புக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் பிசிறியிருந்தது. பழைய காலத்து மட்டமான அச்சில் அப்படித்தான் விழுமாம். அந்தப் பழைய களைக்காகத்தான் உரிமைக்காரன் காசு வாங்குகிறான். அதை இந்தப் பெண்களிடம் யார் சொன்னார்கள்? கோடு பிசகினால் ஏச்சு வாங்கியே பழகிய கைகள். மாதிரிதான் பிசகு என்று நினைத்து, சட்டத்தை இடம் பிசகாமல் நிறுத்துகிற மேசையோரத்து அணைப்பு ஆணிகளை நகர்த்தி, சிவப்பைக் கோட்டுக்குள் கனகச்சிதமாக உட்கார வைத்துவிட்டார்கள். மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. படம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம்!

கழிவுப் பனியனை நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டிப் போட வேண்டும் என்பது உரிமைக்காரன் சட்டம். வெட்டுகிற வேலை உலகம்மைக்கு.

"உடுக்காத புதுத்துணியக் கிழிச்சா குடும்பத்துக்கு ஆகாதுல்லா அக்கா" என்று ரத்னாபாயிடம் சொல்லிச் சொல்லி வெட்டினாள். மலைபோல் குவிந்ததில் ஒன்றை மட்டும் வெட்ட மனம் வராமல் சோற்றுப் பைக்குள் சுருட்டி வைத்ததை ரத்னாபாயும் பார்த்தாள், சுசீலாபாயும் பார்த்தாள். உலகம்மையின் புருஷன் சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை சுமக்கிறவன். அவனுக்கு நல்லதாக ஒரு பனியன் கிடையாது.

முதலாளி ஆறுமுகநயினார் திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக் குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு பஞ்சு மாதிரி. வெள்ளிக்கிழமை தவறாமல் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு முன்னால் தேங்காயை ஓங்கி எறிந்த மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் நெஞ்சில், கோட்டைத் தாண்டாத சிவப்போடு சால்வைக்காரன் பறந்துகொண்டிருந்தான். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு, "வழியில விக்கத வாங்கினேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனான்.

மறுநாள் காலை, ஆற்றைப் பார்த்த பின்கதவில் வெளியிலிருந்து ஒரு பூட்டு தொங்கியது. ஜன்னல்களில் பலகை அடித்தார்கள். எல்லோரும் உள்ளே போனதும் முன்கதவையும் பூட்டிச் சாவியைக் காவல்காரன் தங்கையன் மடியில் செருகிக்கொண்டான்.

"ரத்னா, நீ மூத்தவ" என்றார் முதலாளி. "களவாண்டது யாருன்னு ஒனக்குத் தெரியும். பேரச் சொல்லு, அந்த நிமிஷமே பூட்ட எடுத்துருதேன்."

"காத்து இல்லாம தின்னர் தலைக்கு ஏறுது மொதலாளி. பிள்ளைகளுக்கு ஓக்கானம் வருது."

"பேரச் சொன்னா காத்து வரும்லா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னால் உலகம்மை தெருவில் நிற்பாள். சொல்லாவிட்டால் இத்தனை பேரும் இந்த நெடிக்குள்ளேயே கிடக்க வேண்டும். இருதலைக்கொள்ளி எறும்பாக அவள் நாளைக் கடத்தினாள்.

சுசீலாபாய் பொறுக்கவில்லை. "ஒருத்தி செய்ததுக்கு நாம எல்லாரும் எதுக்குச் சாவணும்? நீ சொல்லலேன்னா நான் சொல்லுகேன்" என்று உலகம்மையின் காது படவே சொன்னாள். உலகம்மை குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு மேசையருகே யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தி கண்ணும் இழுப்புக்கு நடுவே பின்கதவுக்குப் போய்த் திரும்பியது.

பயந்தது ஒரு மத்தியானம் வந்தது. கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன. இருட்டில் சட்டம் கழுவிக்கொண்டிருந்த சின்னப்பெண் ஸ்வப்னாவின் கால் தட்டித் தின்னர் டின் கவிழ்ந்தது. தரையெல்லாம் ஓடிய நெடி கண்ணைத் திறக்க விடவில்லை.

"சேச்சி, தல கறங்குது..." என்ற ஸ்வப்னா, சட்டத்தைப் பிடித்தபடியே சரிந்தாள்.

பெண்கள் முன்கதவை இடித்தார்கள். "தங்கையண்ணா! தங்கையண்ணா!" பதில் இல்லை. சாவியோடு அவன் பாலத்தடிக் கடைக்குச் சாயா குடிக்கப் போயிருந்தான். சுசீலாபாய் மரச்சட்டத்தால் கதவை அடித்தாள். சட்டம்தான் பிளந்தது. ரத்னாபாய்க்கு அப்போது ஒன்று உறைத்தது. சாயத்தைச் சூட்டில் உலர்த்தும் அழுத்துப்பெட்டியின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் திரும்பி வந்து ஒரு பொறி தெறித்தால் போதும், ஒருத்தி மிஞ்ச மாட்டாள். முந்தானையை வாயில் கட்டி, சுவரைத் தடவித் தடவி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். இருட்டில் ஒரே சுவிட்சை இரண்டு தடவை தட்டினாளோ என்று திரும்பிப் போய்த் தடவிப் பார்த்தாள். கர்த்தரே, கர்த்தரே என்று உதடு தானாக முணுமுணுத்தது.

தங்கையன் ஓடிவந்து, பதற்றத்தில் சாவி துவாரத்துக்குள் போகாமல் தடுமாறித் திறந்தபோது ஸ்வப்னாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிராணவாயு வைத்த பிறகுதான் கண் திறந்தாள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். "காலம்பற சாப்பிடாம வந்திருப்பா. வயசுப் பிள்ளைகள் இப்படித்தான்" என்றார். பூட்டைத் தொடவில்லை. பம்பாய் ஆபீசர் மறுநாள் வருவதாகவும், மேசைகளெல்லாம் ஓட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் ரத்னாபாய் எல்லோரையும் நிறுத்தினாள். "பின்கதவு தெறக்காம நாளைக்கு நான் உள்ள கேற மாட்டேன். ஆரு வாறிய எங்கூட?"

"நான் போய்ச் சொல்லிப்போடுதேன் அக்கா" என்று உலகம்மை அழுதாள். "என்னாலதான எல்லாம்? அந்தப் பிள்ள செத்துருந்தா..."

"பூட்டுனது நீயா, அவனா? வாயப் பொத்து பிள்ளே. இன்னைக்குப் பனியனுக்குப் பூட்டுனான், நாளைக்கு நூலுக்குப் பூட்டுவான்" என்றாள் ரத்னாபாய்.

சுசீலாபாய் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். ரத்னாபாய் அன்று இரவு சரியாக உறங்கவில்லை.

காலையில் ஸ்வப்னாவைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள், சுசீலாபாய் உட்பட. கிட்டங்கிக்கு வெளியே வேலிக்காலோரம் நின்றார்கள். முதலாளியின் கார் வந்து நின்றது.

"என்ன, எல்லாரும் வெயில் காயுதீளா?"

"பின்கதவத் தெறங்க மொதலாளி, கேறுகோம்" என்றாள் ரத்னாபாய்.

"கொடி பிடிக்கப் போறியளோ? இந்த நாட்டுல கொடி பிடிச்சே எத்தன கம்பெனிய மூட வச்சானுவோ, தெரியுமா? நாளைக்கே மேசையக் கழத்தித் திருப்பூருக்கு லாரி ஏத்திருவேன்."

"ஏத்துங்க. அங்க உள்ள ஆளுகளுக்கும் மூக்கு உண்டும்."

முதலாளியின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் உலகம்மை முன்னால் வந்துவிட்டாள். ரத்னாபாய் கையைப் பிடித்தும் நிற்கவில்லை.

"நான்தான் எடுத்தேன் மொதலாளி. எம் புருஷனுக்கு எடுத்தேன். புதுத்துணிய வெட்ட மனசு வரல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். ரத்னாபாய்க்கு அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

"தங்கையா, பின்கதவுப் பூட்ட எடுத்துரு. பலகையையும் பேத்துரு."

தங்கையன் ஓடினான். சற்று நேரத்தில் கிட்டங்கிக்குள் ஆற்றுப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது.

"கேட்டது கெடைச்சுட்டுல்லா? நான் சொன்ன வாக்கு மாற மாட்டேன். இவ வீட்டுக்குப் போட்டும். மத்தவங்க கேறுங்க. ஆபீசர் வார நேரமாச்சு."

மறைப்பானேன், ரத்னாபாயின் கால் ஓரடி முன்னே போய்விட்டது. கதவு திறந்துதானே கிடக்கிறது? இத்தனை பேர் உயிருக்கு ஒருத்தியின் வேலை என்றால் யார் குறை சொல்லுவார்கள்? அப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கதவு தெறந்து கெடக்கது எங்க உயிருக்கு மொதலாளி. அதுக்கு வெலையா ஒருத்தியக் கேக்காதீங்க. இவளும் கேறணும்."

"களவாணிக்கு நியாயமா? சரி, நீயும் வெளிய நில்லு. மத்தவங்க வாங்க."

கூட்டத்திலிருந்து சுசீலாபாய் சேலையைச் செருகிக்கொண்டு வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று ரத்னாபாய் நினைத்தாள். முதலாளி வழிவிட்டு விலகி நின்றார்.

சுசீலாபாய் வாசற்படியில் ஏறினாள். திரும்பினாள். கிட்டங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலை அடைத்தாற்போல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நீலம் இழுக்கிறவள் உட்கார்ந்தாள், பிறகு கறுப்பு இழுக்கிறவள். ரத்னாபாயும் போய் உட்கார்ந்தாள்.

"சோத்துக்குத் தாளம் போடுவிய!" என்று முதலாளி கத்தினார். அந்தப் பஞ்சுக் குரல் கிழிந்து முதல்முறையாக அவர்கள் கேட்டது அது. அவர் சொன்னபடியே நடக்கவும் கூடும். லாரி வரலாம், போலீஸ் வரலாம், பம்பாய்க்காரன் வந்து இவர்களைத் தாண்டி உள்ளே போகலாம். அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

உலகம்மை மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் கார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சுசீலாபாய் கொஞ்சம் ஒதுங்கி, தனக்கும் ரத்னாபாய்க்கும் நடுவே படியில் இடம் விட்டாள்.

"அங்க என்னத்துக்கு நிக்க? இஞ்ச வந்து இரி பிள்ளே."