தீயில் போன பச்சை

கணவர் காலமானபிறகு தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு பாதியாகி, விரல் குச்சியாகி, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மோதிரம் கழன்று தொட்டியில் விழுந்தது. அதனால்தான் அன்று அண்ணனின் நகைப் பட்டறைக்கு வந்தாள்.

"கொஞ்சம் சின்னதாக்கிக் குடுண்ணா. இல்லேன்னா ஒருநாள் சாக்கடையோட போயிடும்."

"நீ ஒழுங்கா சாப்பிட்டா மோதிரம் தானா சரியாயிடும் பாப்பா. எனக்கும் வேலை மிச்சம்."

"வேலைக்கள்ளன்! பள்ளிக்கூடம் போறப்பவே இப்படித்தான், வயித்துவலின்னு படுத்துக்குவே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அண்ணனுக்கு அன்றைய கூலி அதிலேயே கிடைத்துவிட்டது.

மோதிரத்தில் ஒரு பச்சை வைரம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஆயுசுக்கும் ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தராத கணவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் யாரும் எதிர்பாராமல் வாங்கி வந்து விரலில் மாட்டினார். "எல்லாரும் வெள்ளைதான் போடறாங்க. நீ எல்லாரும் இல்லையே" என்றாராம். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு அவள் மிச்ச நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையில் ஜன்னலோரம் நின்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெளிச்சம் விழுந்தால் பச்சை ஒருமுறை கண் சிமிட்டும். அதன்பிறகுதான் அடுப்புப் பக்கமே போவாள்.

வாங்குவதற்கு முன் மாப்பிள்ளை அந்தக் கல்லைக் காகிதத்தில் மடித்து இதே பட்டறைக்குக் கொண்டு வந்திருந்தார். ஏதோ விடுதி அறையில் தங்கியிருந்த வெளியூர் வியாபாரியின் சரக்கு. "மச்சான், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். மச்சானுக்கோ வாழ்நாளெல்லாம் வெள்ளை வைரம்தான் பழக்கம். வண்ண வைரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைத் தங்கை புருஷனிடம் எந்த வாயால் சொல்வது? லென்ஸை வைத்துப் பார்த்தார். ஓரத்தில், கல்லுக்குள்ளே, பிய்ந்த இறகு மாதிரி ஒரு கீறல். வைரம்தான், சந்தேகமில்லை. "நல்ல கல் மாப்பிள்ளை, தைரியமா வாங்குங்க" என்றார். மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது அதே மோதிரம் கைக்கு வந்திருக்கிறது. வளையத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் நெருக்கி, பற்றவைக்கும் பொடி வைத்து, தீயை ஊதி ஒட்ட வேண்டும். முத்தோ மரகதமோ என்றால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் தீ காட்டுவார். வைரத்தை யார் கழற்றுகிறார்கள்? தீ தாங்குவதற்கு வெங்காரத்தைப் பூசிவிட்டு அப்படியே ஊதினால் அசையாது. எத்தனையோ மோதிரத்துக்குச் செய்த வேலை, கை தானாகவே செய்தது.

ஆறவைத்துக் கழுவியபோது பச்சையைக் காணோம். தண்ணீர் அதிகம் விட்ட டீ மாதிரி ஒரு பழுப்பு. மறுபடி கழுவினார். பிரஷ் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பழுப்புதான் பளிச்சென்று துலங்கியது.

வண்ணக்கல் விற்பவர் ஒருவர் கடைத்தெருவில் இருந்தார். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். அண்ணன் மோதிரத்தை அவரிடம் கொண்டுபோனார். அவர் கல்லைப் பார்த்தார், நகைக்காரரின் முகத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. தீ காட்டினீங்களா?"

"வைரம்தானேன்னு..."

"வைரம்தான். நிறம்தான் அதோடது இல்லை. கதிர்வீச்சு பாய்ச்சிப் பச்சை ஏத்தியிருக்காங்க. வெயிலுக்குப் போகாது, தண்ணிக்குப் போகாது. நெருப்புக்கு மட்டும் போயிடும். பொறக்கும்போதே பச்சையான வைரம் லேசிலே கண்ணிலேயே படாதுங்க. வெள்ளைன்னா நிறம் எவ்வளவு கம்மின்னு பாக்கறோம். வண்ணத்திலே எவ்வளவு அழுத்தமா இருக்குன்னு பாக்கணும். அதுக்கும் முன்னாடி, நிறம் கூடப் பொறந்ததா, யாராவது ஏத்தினதான்னு கேக்கணும். சோதனைக்கூடத்துக்கு அனுப்பாம பச்சையை யாருமே தொடமாட்டாங்க. இதை வாங்கும்போது விவரம் தெரிஞ்சவங்க யாரும் பாக்கலியா?"

நகைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"திரும்ப ஏத்த முடியுமா?"

"ஏத்தலாம். அதே பச்சை வரும்னு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது."

ஒன்றும் சொல்லாமல் ஏற்றி வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று வழி நெடுக யோசித்தார். தினமும் ஜன்னலோரம் பார்த்த கண்ணை ஏமாற்ற முடியாது. அதோடு, அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை.

மறுநாள் தங்கை வந்தாள். மோதிரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

"விளையாடாதே அண்ணா. என்னோடதை எடு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தீ காட்டியதை, ஏற்றிய நிறத்தை, பூதக்கண்ணாடி சொன்னதை. அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"சாயம் ஏத்தின கல்லை அவர் எனக்கு வாங்கிட்டு வந்தாருன்னு சொல்றே."

"அவருக்கு அது தெரியாதும்மா. அவரும் ஏமாந்துதான் போனாரு."

"உன்கிட்டே காட்டிட்டுத்தானே வாங்கினாரு? மச்சானே பார்த்துச் சொன்ன கல்லுன்னு கடைசிவரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்டே எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு. அன்னைக்குப் பொய் சொன்னியா, இன்னைக்குச் சொல்றியா?"

"எனக்கு வண்ணக்கல் தெரியாது பாப்பா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

உள்ளதைத்தான் சொன்னார். வாயை விட்டு வெளியே வந்ததும் அது அவர் காதுக்கே ஜோடித்த பேச்சாகக் கேட்டது. அவசரமாக லென்ஸை எடுத்து நீட்டினார்.

"இந்தா, நீயே பாரு. ஓரத்திலே இறகு மாதிரி ஒரு கீறல் தெரியும். அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. அதே கல்தான்."

அவள் லென்ஸை வாங்கவில்லை.

"அந்தக் கீறலை நான் எப்போ பார்த்தேன்? எனக்குத் தெரிஞ்சது பச்சை ஒண்ணுதான்."

அவள் மோதிரத்தைப் பட்டறைப் பலகையில் வைத்தாள். விரலில் வளையம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"உனக்குப் பணக் கஷ்டம்னா கேட்டிருக்கலாமே அண்ணா. நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."

அதன்பிறகு அவள் வரவில்லை. அவர் அவள் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், வெளியாளிடம் விசாரிப்பதுபோல் உடம்பு எப்படி என்று கேட்டாள். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றி, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் போனார்.

"ஏத்திடுங்க. அதே மாதிரி வராட்டியும் பரவாயில்லை, கிட்டத்திலே வந்தாப் போதும்."

பூதக்கண்ணாடி ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தார். அத்தனையும் ஏற்றிய பச்சைகள். கடல் பச்சை, கிளிப்பச்சை, நீலம் கலந்தது, மஞ்சள் தட்டியது, பாசி படிந்தாற்போல் ஒன்று.

"இதிலே எதுக்குக் கிட்டத்திலே?"

நகைக்காரர் குனிந்து பார்த்தார். ஒன்றை நெருங்கிய விரல் தயங்கி அடுத்ததற்குப் போனது. இறகுக் கீறல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவார். பச்சை மட்டும் நினைவில் வரவே இல்லை. அன்று அவர் நிறத்தைப் பார்க்கவேயில்லை. கல்லைத்தான் பார்த்திருந்தார். நிறம் தெரிந்தவர் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருத்தி இருக்கிறாள்.

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார்.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பச்சை எப்படி இருந்துச்சு? இலை மாதிரியா, கடல் மாதிரியா?"

"ஏன், அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுத்துடலாம்னு பாக்கறியா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்றார் பூதக்கண்ணாடி.

நகைக்காரர் பழுப்புக் கல்லைத் திரும்பக் காகிதத்தில் மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தார். அதுவும் கோணல்தான்.