சவரிமேரியின் லேஸ் புத்தகம்

கடலூரில் லேஸ் பின்னும் பெண்கள் நிறையப் பேர். பின்னல் சொல்லித்தரும் புத்தகங்களோ எல்லாம் இங்கிலீஷில். கான்வென்டில் படித்த சவரிமேரி அவற்றை மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தமிழிலேயே ஒன்று எழுதினாள். யுத்தம் முடிந்தும் காகிதத் தட்டுப்பாடு தீராத சமயம். உள்ளூர் அச்சகங்களில் யாரும் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த வைத்திலிங்கம்தான், வெட்டி மிஞ்சிய காகிதத்தில் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

புரூஃப் பார்க்க அவள் ரயிலேறிப் போனபோது, முதல் பக்கத்திலேயே வேலை நின்றிருந்தது. லேஸில் ஊசி போடும் கண்ணுக்குச் சங்கிலி என்று பெயர். வரிக்கு வரி அதுதான் வரும்.

“இத்தினி சங்கிலிக்கு நான் எங்கம்மா போவேன்? கைவசம் இருந்த ‘ச’ அச்செழுத்தெல்லாம் தீந்துபோச்சு” என்றார் வைத்திலிங்கம். வேறு வார்த்தை போடச் சொன்னார்.

சவரிமேரிக்கு மனசு வரவில்லை. பெண்கள் வாயில் புழங்கும் சொல்லை மாற்றினால் யாருக்குப் புரியும்? எழுதியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

வைத்திலிங்கத்தின் மனைவி சிவகாமியம்மாளும் பின்னுகிறவள். அடித்த பாதிப் பக்கத்தைப் பார்த்துக் காலையிலிருந்தே பின்னிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சங்கிலியாகப் படிப்பதற்குள் எண்ணிக்கை விட்டுப்போகிறது என்று குறைப்பட்டாள்.

“சங்கிலிக்கு ஒரு சைபர் போட்டுடுங்களேன். முடிச்சுக்குப் பெருக்கல் குறி. பாத்தாலே தெரிஞ்சுடும்.”

சைபர் வேண்டியமட்டும் இருந்தது. அன்று சாயங்காலம் அடித்து எடுத்த தாள், தூரத்தில் பிடித்துப் பார்த்தால் லேஸ் மாதிரியே இருந்தது.

கடலூருக்கு வந்ததும் அதைப் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரியிடம், எது சங்கிலி, எது முடிச்சு என்று மட்டும் காட்டிக் கொடுத்தாள். பாக்கியமேரிக்கு எழுத்து தெரியாது. தாளை மடியில் விரித்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். ஒரு விளிம்பு முழுக்கப் பின்னி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. சவரிமேரி படித்துச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தன் வேலை பறிபோனது போலவும் இருந்தது.

ஈஸ்டருக்கு முன் புத்தகம் வந்தது. பூசை முடிந்து கோயில் வாசலிலேயே பாதி விற்றுவிட்டது. பிறகு பெண்கள் தாங்களே சைபரும் பெருக்கலும் போட்டுப் புதுப் பின்னல்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பாக்கியமேரி கொண்டுவந்தது எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. அடுத்த புத்தகத்தில் அவள் பெயரோடு போடலாமா என்று சவரிமேரி கேட்டாள்.

பாக்கியமேரி தன் பின்னல் போட்ட தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“போடு. ஆனா வந்ததும் எது எம் பேருன்னு காட்டணும்.”

சவரிமேரி அதுவரை காத்திருக்கவில்லை. அந்தத் தாளின் அடியிலேயே அவள் பெயரைப் பென்சிலால் பெரிதாக எழுதிக் காட்டினாள்.