புளித்தண்ணியில் ஊறிய வால்வு

தீர்த்தகிரியின் ஜீப்பு கொஞ்ச நாளாகவே கரும்புகை கக்கியது. ஏற்றத்தில் இழுவை இல்லை. மலைமேல் நெல்லிவாசலிலிருந்து கீழே திருப்பத்தூர் போகிற சனம், "உன் வண்டியில ஏறுறதுக்கு நடந்தே போய்டலாம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னது.

திருப்பத்தூர் மெக்கானிக் பிரகாஷைப் போனில் கேட்டான்.

"இ.ஜி.ஆர். வால்வு அடைச்சிருக்கும்ணா. புகையில ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்புறது அதான். கழட்டி ஸ்பிரே அடிச்சித் தொடைங்க. தண்ணி மட்டும் படக்கூடாது, பின்னாடி சின்னதா மோட்டார் இருக்குது."

வாசலில் கோணி விரித்து வால்வைக் கழற்றினான். உள்ளே தார் மாதிரி கரி. பாதி சுரண்டுவதற்குள் ஸ்பிரே தீர்ந்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டுக் கூழ் குடித்தான், கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

எழுந்து வந்தபோது வால்வு புதுசு போல மின்னியது.

"புளித்தண்ணியில ஊறப் போட்டு, சாம்பல் வெச்சித் தேச்சேன். உங்க ஸ்பிரே இன்னா கிழிச்சிது?" என்றாள் மனைவி கோகிலவாணி.

கரி பிடித்தது எதுவானாலும் அவளுக்குப் புளிதான். அடுக்குப்பானை நிறையக் கிடக்கிறது. வேறு எதைத் தேடுவாள்? அவன் வால்வை உதறினான். மோட்டார்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பிரகாஷ் சொன்னது நினைவுக்கு வந்தது. வெயிலில் வைத்தான், மாட்டினான். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. காலைக்குச் சவாரி இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் அவன் சவாரி முடித்துத் திரும்பிய நேரம், தம்பி சின்னராஜ் பலாமரத்திலிருந்து பாறைமேல் விழுந்தான். ரத்தம் வெளியே வரவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது.

"ஆம்புலன்ஸ் கீழருந்து ஏறி வரணும். அதுக்குள்ள நாம போய்டலாம்" என்றான் தீர்த்தகிரி.

பின்சீட்டில் சின்னராஜின் தலை அவன் மனைவி ரேணுகாதேவியின் மடியில் கிடந்தது. கோகிலவாணி காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாண்ணா. குலுங்குது" என்று முனகினான் சின்னராஜ்.

ஊர் தாண்டியதும் பாதை ஒரு மேடு ஏறித்தான் இறங்கும். பாதி மேட்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. அடிவரை மிதித்தும் வண்டி திணறி நின்றது. திரும்பத் திரும்பச் சாவியைப் போட்டான். எஞ்சின் ஓடியது, ஏறவில்லை. பானெட்டைத் திறந்து வால்வின் ஒயரைப் பிடுங்கினான். முனையெல்லாம் பச்சையாகக் களிம்பு, ஈரம், புளி வாசனை. கோகிலவாணி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கொல்லையில் வேலையாக இருந்த வேடியப்பனும் நாலைந்து பேரும் ஓடிவந்து, ஜீப்புக்கு முன்னால் மூங்கிலில் போர்வையை டோலியாகக் கட்டி, சின்னராஜைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். அவன் தண்ணீர் கேட்டான். பிறகு கேட்கவில்லை. உச்சியில் வேடியப்பன் டோலியை இறக்கச் சொல்லி, மூக்கருகில் கை வைத்துப் பார்த்தான். தன் துண்டை எடுத்துச் சின்னராஜின் முகத்தை மூடினான்.

"நேத்துதான மாமா வண்டிய சரி பண்ணீங்க?" என்று கேட்டாள் ரேணுகாதேவி.

"நான்தான் அதைப் புளித்தண்ணியில போட்டேன்" என்றாள் கோகிலவாணி.

"அப்ப நீதான் கொன்னுட்ட."

தீர்த்தகிரி தம்பியின் பாதத்தைப் பிடித்தபடி நின்றான்.

டோலியை ஊருக்குத் திருப்பினார்கள். ஜீப்பு குறுக்கே நின்றது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், டோலி நுழைய இடமில்லை. வண்டியைப் பின்னால் உருட்டி ஒதுக்க வேண்டும். தீர்த்தகிரி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். வண்டி பாய்ந்துவிடாமல் சாண் சாணாகச் சக்கரத்துக்குக் கல் வைக்க ஆள் வேண்டும். யாரும் அசையவில்லை. கோகிலவாணி கல்லோடு வந்து பின்சக்கரத்தருகில் குனிந்தாள்.

"தண்ணி படக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவள் கல்லைச் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் வைத்தாள்.

"வுடுங்க" என்றாள்.

அவன் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தான்.