அருவிப் படங்களில் இல்லாத இடது கை

என் புருஷன் ஜெரோம் துபாயில் ஒரு பணக்காரரிடம் சூப்பர்வைசர். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். புருஷனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள், மரியாதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். பழவேற்காட்டில் படகும் வலையுமாகத் திரிந்தவன் அங்கே எதை மேய்க்கிறான் என்று கேட்டால் மட்டும் லைன் சரியில்லை என்பான். அதைக்கூட விட்டுத் தொலைக்கலாம். முதலாளி ஊர் ஊராக அருவி பார்க்கப் போகிறாராம், இவனையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். எந்த முதலாளி சூப்பர்வைசருக்கு அருவி காட்டுவான், நீங்களே சொல்லுங்கள்.

நயாகரா முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு படம். ஆப்பிரிக்காவில் விக்டோரியா, ஒரே புகைமூட்டம். பிரேசிலில் ஒன்று, பெயர் வாயில் நுழையவில்லை. ஏரியிலிருந்து வந்த இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே, கூட வேலை செய்யும் எல்லம்மாவிடம் போனை நீட்டினேன். அவளுக்கு அருவி கண்ணிலேயே படவில்லை.

"இன்னாடி இது, எல்லாப் படத்துலயும் ஓரமா நிக்கிறான்? எடது கையக் காணோம் பாரு. பக்கத்துல யாரோ கீறாங்க. வெட்டிட்டு அனுப்பறான்."

பிடுங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது கை முழங்கையோடு நின்றது. நயாகரா படத்தின் ஓரத்தில் சிவப்புச் சால்வையின் நுனி வேறு.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோயிலில் முட்டி போட்டாலும் அந்தச் சால்வைதான். வெள்ளைக்காரியா, நம்மூர்க்காரியா? இவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பீ மூத்திரம் அள்ளியது நான். இவனோ நாற்றம் தாங்காமல் வாசலோடு நின்றுகொள்வான். மகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே மனுஷன் போய்ச் சேர்ந்தார். அத்தனையும் செய்த எனக்கு இதுவா கூலி என்று மனசு கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. எல்லம்மாவும் கூடவே இருந்தாள்.

"வெட்டாத படத்த அனுப்பு."

"இன்னா படம்?"

"அந்த செவப்பு சால்வ. இப்ப அனுப்பலன்னா சுண்ணாம்புக்குளத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

"பாத்தா இன்னும் மோசமா நெனப்ப, ஜெசிந்தா."

"அனுப்புயா."

படம் வந்தது. சக்கர நாற்காலியில் வாய் கோணிய ஒரு கிழவர், தோளில் சிவப்புச் சால்வை. ஜெரோமின் இடது கை துண்டால் அவர் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இவருதான் மொதலாளி. சாவறதுக்குள்ள எல்லா அருவியும் பாக்கணுமாம். சூப்பர்வைசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளிப்பாட்றது, கால் கழுவி வுடறது, எல்லாம் நாந்தான். உங்கிட்ட எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

"அப்பாடா, கெழவன்தான்" என்று எல்லம்மா மூச்சு விட்டாள்.

எனக்கு மூச்சு வரவில்லை. பொம்பளையாக இருந்திருந்தால் நாலு கெட்ட வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. படத்தில் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பிடி அழுத்தித் தேய்க்காத. ஒத்தி எடு. உங்க நைனாவுக்கு அழுத்தித் தேய்ச்சிதான் தோலு உரிஞ்சிது."

"தெரியும். நீ செய்றத வாசல்லயே நின்னு பாத்துக்கினுதான இருந்தேன்."