போனவரைச் சொல்லும் சொல்

...மூன்று வார்த்தை இருக்க அதுதானா நாக்கில் வந்து உட்கார வேண்டும், எடும்மா, எடு... மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் அதே எண்ணை மறுபடி அழுத்தினாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வார்டு நர்ஸ் சொன்னது இவ்வளவுதான்: "பதினாலாம் பெட் கப்பல்காரர் எழுந்து போயிட்டார். அவர் சம்சாரத்துக்குச் சொல்லிடுங்க, அவங்களுக்கு ஸ்பானிஷ் மட்டுந்தான் புரியும்." போயிட்டார்... 'ஆ சலீதோ' என்றால் வெளியே போயிருக்கிறார், 'சே ஆ இதோ' என்றால் கிளம்பியே போய்விட்டார், போனதைச் சொல்லும் சொல் நம் காதில் 'இதோ' என்று விழுகிறதே என்று வகுப்பில் விழுந்து விழுந்து சிரித்தவள்தானே இவள்? ஆனால் சற்று முன் போனில் சொன்னது 'நோஸ் ஆ தெஹாதோ', நம்மை விட்டுப் போய்விட்டார், வார்த்தைக்கு வார்த்தை சரிதான், ஆனால் அந்த மொழிக்காரர்கள் அதைச் செத்தவர்களுக்கல்லவா சொல்வார்கள்! அந்தப் பக்கம் ஒரு மூச்சு, ஏதோ விழுந்து உடைகிற சத்தம், லைன் அறுந்துவிட்டது.

தனியாக இருப்பாளோ, மாடியில் இருப்பாளோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பாளோ... அவசரத்தில் எண் மாறிப்போனது, மறுபடி அழுத்தினாள். எட்டு வருடம் இதே வேலை, தெரியாமல் வந்த வார்த்தையா அது? போன வருடம் இவள் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண், "அண்ணன் எங்கக்கா?" என்று கேட்டதற்கு, "போயிட்டாரும்மா" என்றாள் இவள். அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இவள் திருத்தவில்லை... செத்தவனுக்காக அழுதால் நாலு பேர் கூட அழுவார்கள், விட்டுப் போனவனுக்காக அழுதால்? அதற்காக இன்னொருத்தி தாலியிலா கை வைப்பது, பாவி...

பன்னிரண்டாவது தடவை எடுத்தாள் அந்த மனைவி. தப்பாகச் சொல்லிவிட்டேன், உயிரோடு இருக்கிறார், மன்னித்துவிடுங்கள் என்று ஸ்பானிஷில் கொட்டித் தீர்த்தாள் இவள். அந்தப் பக்கம் விம்மல், அது மெல்லச் சிரிப்பாகி, மறுபடி விம்மலாகி, கடைசியில் ஒரு கேள்வியாக வந்தது: அப்படியென்றால் எங்கே, திரும்பி வந்துவிடுவார்தானே? 'ஆ சலீதோ' என்று சொல்ல வாயெடுத்தாள்... சொன்னால் வருவார் என்று ஆகிவிடும், 'சே ஆ இதோ' என்றால் வரமாட்டார் என்று ஆகிவிடும், இரண்டில் எது என்று நர்ஸுக்குத் தெரியாது, ஒருவேளை போனவருக்கே தெரியாது... செத்துப்போனார் என்று சொன்னபோது வராத தயக்கம் இப்போது ஏன் வருகிறது?

இருக்கிறீர்களா, என்று கேட்டது போன்.

இருக்கிறேன் என்றாள், அடுத்த வார்த்தை இன்னும் வரவில்லை.