சுவரடிக் கொம்புப்பாசி

பம்பலப்பிட்டியில் பஸ் நகராமல் நின்றபோதுதான் வெள்ளவத்தை அடுக்குமாடிப் பிளற்றில் குடியிருக்கும் கனகேஸ்வரி அன்ரியின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, நாளைக்கு டெங்குக்காரர் எங்கட பிளற் பாக்க வருகினமாம். நீங்கள் கிழமைக்குக் கிழமை குந்தியிருந்து பாக்கிற பின்சுவரை இப்பவே சுரண்டிப் பிளீச்சிங் பவுடர் போடப்போறன்."

பாசிகளை ஆராயும் ஷிஹாரா இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். அந்தச் சுவரடியில், ஏசித் தண்ணீர் சொட்டும் உள்ளங்கையளவு ஈரத்தில்தான் கொம்புப்பாசி இருந்தது. வட்டமாகப் படர்ந்து, ஊசி ஊசியாகப் பச்சைக் கொம்பு நீட்டும் சின்னஞ்சிறு செடி. அதைத் தேடி இரண்டு வருடம் களனிக் கரை, மாளிகாவத்தைக் கழிவுநீர்க் கான் என்று அலைந்தவள் அவள். வத்தளையில் ஒன்றைக் கண்ட சந்தோசத்தில் இடத்தைப் பெயரோடு இணையத்தில் போட்டாள். கண்ணாடிப் போத்தலுக்குள் தோட்டம் வளர்க்கிறவர்கள் பத்தே நாளில் வழித்துத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் அறிய, மிச்சம் இந்த வெள்ளவத்தைச் சுவர்தான். சூடு கண்ட பூனையல்லவா? பிளற்காரர் கேட்டபோது, டெங்கு பரப்பும் நுளம்பு பார்க்க வருகிறேன் என்று வாய்கூசாமல் சொல்லிவைத்தாள்.

கொம்புகளின் நுனி கறுத்து வெடிக்கிற நாள் இன்று. வித்திகளை எடுத்துவிட்டால் ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காப்பாற்றலாம்.

"அன்டி, அதுல கைவெக்க வாணாம். நான் வாற வரைக்கும் பொறுங்க."

"ஏன் பிள்ளை?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். "வந்து சொல்றன்" என்று வைத்துவிட்டாள், அறிவுகெட்டவள்! பிறகு திருப்பி அழைத்தால் அன்ரி எடுக்கவில்லை. பஸ்ஸை விட்டுக் குதித்துக் காலி வீதி நீளத்துக்கும் ஓடினாள். நடைபாதைக் கடைக்காரர் ஏசியது காதில் விழவேயில்லை.

பின்முற்றத்துக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. சுவர் வெள்ளைவெளேரென்று நின்றது. மண்டியிட்டு விரலால் துழாவினாள். பச்சை என்று ஒரு பொட்டும் இல்லை.

"நீங்கள் பொறுங்கோ எண்டதும் எனக்குப் பதறிப்போச்சு, பிள்ளை," என்றாள் அன்ரி, நனைந்த சோட்டிச் சட்டையோடு. "வந்து கண்டால் கேஸ் எழுதுவியள் எண்டு ரெண்டு தரம் தேய்ச்சனான். இனி எழுதமாட்டியள்தானே?"

"நான் டெங்கு ஆள் இல்ல, அன்டி. இதுல ஈந்த பாசியப் பார்க்கத்தான் வந்த. கொழும்புலயே இந்த ஒரு இடத்துலதான் அது ஈந்திச்சு."

அன்ரி நெஞ்சில் கைவைத்தாள். "கொம்பு கொம்பாய் நிண்டதோ? ஐயோ கடவுளே! அது முன்பக்கக் கானிலையும் நிண்டதே. மொட்டைமாடிப் பூச்சாடியளிலை அடர்த்தியாய் நிண்டது. நீங்கள் அதைத்தானே உத்து உத்துப் பாக்கிறியள், அதிலைதான் நுளம்பு எண்டு நினைச்சு, காலமை முழுக்க நாலு மாடியும் தேடித்தேடி ஒண்டுவிடாமல் பிடுங்கிப்போட்டம். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காட்டியிருப்பனே, மகள்!"